பாசியரசனின் இடது தோள்

வீட்டில் மூத்தவனைப் பெரியவன் என்றும் இளையவனைச் சின்னவன் என்றும் கூப்பிட்டுப் பழகி, இருவருக்கும் காதோரம் நரைத்த பிறகும் அதுவே நின்றுவிட்டது. புதிதாகப் பார்ப்பவர்களுக்குத்தான் குழப்பம். பெரியவன் கூட்டத்தில் நின்றால் கண்ணில் படாத உயரம். சின்னவனோ ஏணி. கதவு நிலையில் நெற்றி இடிக்காத வீடு அவனுக்கு வாய்த்ததே இல்லை. "இதுல யாருப்பா பெரியவன்?" என்று கேட்டுவிட்டுத் தாங்களே சிரித்துக்கொள்வார்கள். அண்ணனும் தம்பியும் அந்தச் சிரிப்பு முடியும்வரை பொறுமையாக நிற்பார்கள்.

பெரியவனுக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. சின்னவன் சினிமாவில் இருந்தான். சினிமாவில் இருந்தான் என்றுதான் பேர். அவன் முகத்தை எந்தத் திரையிலும் ஒருவரும் பார்த்ததில்லை. பூதம், கரடி, நடக்கும் மரம் என்று உயரமான ஆள் வேண்டிய இடத்திலெல்லாம் அந்த உடைக்குள் போய் நிற்கிறவன் அவன். வெளியே ரப்பரும் பஞ்சும் ரோமமும், உள்ளே வியர்த்துக் கொட்டிக்கொண்டு இவன். படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது எல்லோரும் எழுந்து செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும் நேரத்தில் அவன் பெயரும் ஓடும்.

கடைசியாக அவன் போட்டது பாசியரசன் வேஷம். அது ஒரு மாயாஜாலப் படம். சதுப்பு நிலத்தை ஆளும் ராஜா. தலையில் காய்ந்த கிளைகளாலான கொம்பு, உடம்பெல்லாம் தொங்கும் பாசி, முழங்காலைத் தாண்டும் கைகள், தேன் நிறக் கண்கள். படப்பிடிப்பு பாதி ஆகியிருந்தபோது, ஒரு விடுமுறை நாள் காலையில், கண்ணாடி முன்னால் நின்று முகம் மழித்துக்கொண்டிருந்தவன் அப்படியே சரிந்தான். தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஒரு பக்கக் கன்னத்தில் சோப்பு நுரை காய்ந்து ஒட்டியிருந்தது. ஈரத்துணியால் அதைத் துடைத்தது பெரியவன்தான்.

மிச்சக் காட்சிகளுக்கு வேறொரு நெட்டை ஆளை அதே உடைக்குள் நிறுத்திப் படத்தை முடித்தார்கள். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, தொடங்கிய படத்தை முடித்துத்தானே ஆகவேண்டும். படம் வந்தது, சக்கைப்போடு போட்டது. பள்ளிக்கூடப் பைகளிலும் தண்ணீர் பாட்டில்களிலும் பிறந்தநாள் கேக்குகளிலும் பாசியரசன் ஏறி உட்கார்ந்துகொண்டான். பெரியவன் எந்தக் கட்டடத்துக்கு வேலைக்குப் போனாலும் லிஃப்ட் கதவு திறந்ததும் ஏதாவது ஒரு பிள்ளையின் முதுகில் அவன் நின்றான்.

பெரியவன் படத்தைப் பார்க்கவில்லை. அழவும் இல்லை. இன்று அழுவான், நாளை அழுவான் என்று சுற்றியிருந்தவர்கள் காத்திருந்தார்கள். அவனும்தான் காத்திருந்தான். வரவில்லை. வேலைக்குப் போனான், சாப்பிட்டான், தூங்கினான். சாப்பாட்டில் உப்பில்லை என்று மனைவி தானே கண்டுபிடித்துச் சொன்னபோது, "அப்படியா" என்றான்.

ஒருநாள் லிஃப்ட் கூண்டின் மேல் ஏறி நின்று கம்பிக்கயிறுகளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். மேலே ஏறியதும் அங்கிருக்கும் சோதனை சுவிட்சைத் திருப்பி வைக்க வேண்டும். அப்போதுதான் எந்த மாடியிலிருந்து யார் பொத்தானை அமுக்கினாலும் கூண்டு நகராது. இத்தனை வருஷத்தில் அவன் கை தானாகச் செய்கிற வேலை அது. அன்று செய்யவில்லை. மேல்மாடியில் யாரோ பொத்தானை அமுக்க, கூண்டு அவனைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டது. கீழே நின்ற கூட்டாளி தொண்டை கிழியக் கத்தினான். பெரியவன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, கூண்டுக்கு ஈடாகத் தொங்கும் எடைக்கட்டை எதிர்த்திசையில் இறங்கிப் போவதைப் பார்த்தபடி நின்றான். கூண்டு நின்றதும் இறங்கி வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, டீ குடிக்கப் போகலாமா என்று கேட்டான். சுவிட்சை மறந்ததைவிட அவன் பயப்படாததுதான் சூப்பர்வைசரைப் பயமுறுத்தியது. அன்று முதல் அவனுக்குக் கட்டடங்களுக்குள் ஏறும் வேலை இல்லை. பட்டறையில் உட்கார்ந்து பழைய மோட்டார்களைக் கழற்றிப் பூட்டும் வேலை. சனிக்கிழமை முழு ஓய்வு.

சனிக்கிழமைகள்தான் அவன் மனைவிக்குத் தாங்கவில்லை. காலையில் நாற்காலியில் உட்கார்ந்தால் மாலைவரை எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பான். டிவி ஓடினாலும் பார்வை டிவியைத் தாண்டிச் சுவரில்தான். நூலகத்தின் மாடியில் பெரியவர்களுக்கு வாட்டர் கலர் ஓவிய வகுப்பு நடப்பதைக் கேள்விப்பட்டு, அவனைக் கேட்காமலே பேர் கொடுத்துவிட்டு வந்தாள்.

"எனக்கு எதுக்கு அதெல்லாம்?"

"சுவரைப் பாக்குறதுக்குப் பதிலா பேப்பரைப் பாருங்க. ரெண்டும் வெள்ளைதான்" என்றாள்.

அவன் மறுத்துப் பேசவில்லை. மறுப்பதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

டீச்சருக்கு அவனைவிட வயது குறைவு. மெல்லப் பேசுவாள், நகத்திடுக்கில் எப்போதும் நீலம் இருக்கும். வகுப்பில் எல்லோரும் ஏதோ ஒன்றிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். பெரியவனுக்குப் பக்கத்து மேசை ஒரு பல் டாக்டருக்கு. மனுஷருக்கு வாய் ஓயாது. ஆயுசு முழுக்க வாயைத் திறந்து வைத்திருந்தவர்களிடமே பேசிப் பழகியவர், பதில் வராததைப் பொருட்படுத்துவதில்லை. பெரியவனுக்கும் அவருக்கும் அதனாலேயே ஒத்துப்போயிற்று.

ஆப்பிள் வரைந்தார்கள், பாட்டில் வரைந்தார்கள், மடித்துப் போட்ட துண்டு வரைந்தார்கள். பெரியவனின் கோடுகள் சுத்தமாக இருந்தன. தூக்குக்குண்டும் மட்டப்பலகையும் பார்த்துப் பழகிய கண். நிறம்தான் செத்துப்போய் விழுந்தது. டீச்சர் ஒருமுறை அவன் ஆப்பிளைப் பார்த்துவிட்டு, "அழகா இருக்கு. ஆனா இதைச் சாப்பிடத் தோணலை" என்றாள். அவனும் ஒத்துக்கொண்டான்.

பிறகு பல் டாக்டரின் பேத்திக்குப் பிறந்தநாள் வந்தது. அவள் தாத்தாவிடம் பாசியரசன் படம் வரைந்து தரச்சொல்லி ஒற்றைக் காலில் நின்றாளாம். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் என்று மற்றவர்களும் சேர்ந்துகொள்ள, அடுத்த சனிக்கிழமை டீச்சர் எல்லோர் மேசையிலும் ஒரு வண்ணப் புகைப்படத்தை வைத்துக்கொண்டே வந்தாள்.

முழங்காலளவு தண்ணீரில், இரண்டு கைகளையும் லேசாக விரித்து, பாசியரசன் நேராகப் பார்த்துக்கொண்டு நின்றான்.

பெரியவன் புகைப்படத்தை எடுத்து மேசை விளிம்புக்கு இணையாக வைத்தான். எழுந்து போய்விடலாம் என்று அவனுக்குத் தோன்றவில்லை. இது என் தம்பி என்று சொல்லவும் தோன்றவில்லை. பென்சிலை எடுத்துச் சீவினான்.

முதலில் நடுக்கோடு, பிறகு தலைக்கும் தோளுக்கும் இடுப்புக்கும் குறுக்குக் கோடுகள், அதற்கப்புறம்தான் உருவம் என்றாள் டீச்சர். கொம்பையும் பாசியையும் இப்போதே பார்க்க வேண்டாம், உள்ளே ஒரு ஆள் நிற்கிறான், முதலில் அவனைப் போடுங்கள் என்றாள். அவள் பொதுவாகச் சொன்னதுதான். பெரியவன் உள்ளே நிற்கிற ஆளைப் போட்டான்.

டீச்சர் சுற்றி வரும்போது அவன் பின்னால் நின்றாள். "சார், இடது தோள் கீழ போயிருக்கு பாருங்க. போட்டோல ரெண்டும் ஒரே மட்டம்."

அழித்துவிட்டு மறுபடி போட்டான். கொஞ்ச நேரத்தில் பார்த்தால் மறுபடியும் இடது தோள் இறங்கியிருந்தது. சின்ன வயதில் தண்ணீர்த் தொட்டி ஏணியிலிருந்து விழுந்து சின்னவனுக்குத் தோள் எலும்பு முறிந்தது, கோணலாகக் கூடிவிட்டது. அதற்கப்புறம் அவன் எங்கே நின்றாலும் இடது பக்கம் ஏதோ கனமான பையைத் தூக்கிக்கொண்டிருப்பவன் போலவே நிற்பான். பெரியவனின் கண் புகைப்படத்தைப் பார்த்தது. கை வேறு எதையோ பார்த்தது. பேப்பர் நைந்துவிடும், இருக்கட்டும் விடுங்கள் என்று டீச்சர் சொல்லிவிட்டாள்.

அடுத்தது கண்கள். வாட்டர் கலரில் வெள்ளை என்று ஒரு நிறம் கிடையாது, பேப்பர்தான் வெள்ளை, அதனால் வெளிச்சம் வேண்டிய இடத்தை முதலிலேயே காப்பாற்றி வைக்கவேண்டும் என்றாள். ரப்பர் பால் போன்ற ஒரு திரவத்தைப் பழைய பிரஷ்ஷால் கண்களிலும் தண்ணீரின் மினுக்கத்திலும் தொட்டு வைத்தார்கள். அது காய்ந்தபின் மேலே எந்த நிறம் போனாலும் அந்த இடத்தில் ஏறாது; கடைசியில் விரலால் தேய்த்தால் உரிந்து வந்துவிடும். பிறகு பட்டைப் பிரஷ்ஷால் உருவம் முழுக்க வெறும் தண்ணீரைப் பூசி, ஈரத்தின் மேல் மஞ்சளைத் தொட்டார்கள், பிறகு பச்சையை. நிறம் தானே நடந்து போய்த் தனக்குப் பிடித்த இடத்தில் நின்றது.

"இப்போ யாரும் கை வைக்கக் கூடாது" என்றாள் டீச்சர். "காயட்டும்."

மற்றவர்களால் அது முடியவில்லை. பல் டாக்டர் ஒரு ஓரத்தைச் சரி செய்யப்போய் அது காலிஃபிளவர் மாதிரி விரிந்துவிட, அதைச் சரி செய்யப்போய் இன்னொன்று விரிந்தது. பாசியரசன் அவர் தாளில் மெல்ல மெல்லத் தவளை ஆகிக்கொண்டிருந்தான். பெரியவன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சும்மா இருப்பதில் அந்த வகுப்பில் அவனை மிஞ்ச ஆளில்லை.

அடுத்த வகுப்பில் நிறத்தின் மேல் நிறம் ஏற்றினார்கள். இரண்டாவது பச்சையின் ஈரம் பளபளப்பாக இருக்கும்போதே கல் உப்பைத் தூவச் சொன்னாள் டீச்சர். உப்பு ஈரத்தை உறிஞ்சிக்கொள்ள, ஒவ்வொரு கல்லைச் சுற்றியும் ஒரு சின்ன வெளிறிய பூ விரிந்தது. காய்ந்தபின் உப்பைத் தட்டிவிட்டால் நிஜமான பாசி. கிழவர்கள் எல்லோரும் குழந்தைகள் மாதிரி தலையை நீட்டிப் பார்த்தார்கள். பெரியவனும் பார்த்தான். நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்தது, அவ்வளவுதான். தெரிந்த இடத்தோடு அது நின்றுவிட்டது.

நிழல் போடும்போதுதான் அது நடந்தது. எது எவ்வளவு இருட்டு என்று கண்டுபிடிக்கக் கண்களைச் சுருக்கிப் புகைப்படத்தைப் பார்க்கச் சொன்னாள் டீச்சர். பெரியவன் சுருக்கிப் பார்த்தான். கொம்பு போயிற்று, பாசி போயிற்று, முகம் போயிற்று. கரிய உருவம் ஒன்று மட்டும் மிஞ்சியது. அது மட்டப்பலகை வைத்தது போல் தோளை நிமிர்த்தி நின்றது. பெரியவன் கண்களைத் திறந்தான், மறுபடி சுருக்கினான்.

இது சின்னவன் இல்லை.

மற்றவன். மிச்சக் காட்சிகளுக்கு வந்து நின்றவன். இத்தனை நாளாக உட்கார்ந்து பார்த்துப் பார்த்துத் தண்ணீர் பூசி, உப்புத் தூவி, காய்வதற்குக் காத்திருந்ததெல்லாம் முன்பின் தெரியாத ஒருவனுக்கு. கோபம் வரும் என்று கொஞ்சம் எதிர்பார்த்தான். வரவில்லை. பிரஷ்ஷை டீ டம்ளரில் கழுவிக்கொண்டிருப்பதைப் பல் டாக்டர்தான் பார்த்துச் சொன்னார். அவன் தாளையும் புகைப்படத்தையும் அட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, டீச்சரிடம் வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

கால் வீட்டுக்குப் போகவில்லை. தம்பி மனைவியின் வீட்டுக்குப் போயிற்று.

சின்னவன் போனபிறகு பெரியவன் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. மனைவிதான் போய் வருவாள், வந்து சொல்லுவாள். தம்பி மனைவி சினிமாவுக்கு உடை தைக்கிறவள். சின்னவனை முதன்முதலில் அளவெடுக்கும்போது ஸ்டூல் மேல் ஏறி நின்றுதான் தோளை அளக்க வேண்டியிருந்தது என்று கல்யாணத்தன்று எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தவள். கதவைத் திறந்தவள் வாயில் குண்டூசி இருந்தது. எடுத்து மணிக்கட்டில் கட்டியிருந்த கைப்பட்டையில் குத்திக்கொண்டு, "வாங்க மாமா" என்றாள். ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று கேட்கவில்லை.

கூடத்தில் தையல் மெஷின் மேல் ஏதோ சிப்பாய் உடை பாதியில் கிடந்தது. அவள் நாற்காலியிலிருந்த துணிகளை அள்ளிவிட்டு உட்காரச் சொன்னாள். தண்ணீர் கொடுத்தாள். பெரியவன் அட்டைப் பையிலிருந்து புகைப்படத்தை எடுத்து நீட்டினான். ஓவிய வகுப்பைப் பற்றியும், வரைந்ததைப் பற்றியும், இன்றுதான் கண்டுபிடித்ததைப் பற்றியும் சொன்னான். தன் குரல் சாதாரணமாக இருப்பதைத் தானே கேட்டான்.

"இது அவன் இல்லம்மா. தோள் நேரா இருக்கு."

அவள் புகைப்படத்தை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்தாள். நெடுநேரம் முகத்தையோ தோளையோ பார்க்கவில்லை. இடுப்பிலிருந்து தொங்கும் பாசியையே பார்த்தாள்.

"அவர்தான் மாமா."

"எப்படிம்மா? தோள்..."

"ராஜா கோணலா நிக்கக் கூடாதுன்னு சொன்னாங்க. இடது தோளுக்குள்ள நான்தான் பஞ்சு வச்சுத் தச்சேன்." விரலால் இடுப்பைக் காட்டினாள். "அப்புறம் வந்தவர் அவரைவிடக் குள்ளம். இடுப்புல மடிப்புப் பிடிச்சு ஏத்தித் தைக்க வேண்டியதாப் போச்சு. பாசி நீளத்தை மட்டும் குறைக்கலை, அதனால அவருக்கு அது முழங்காலைத் தாண்டித் தொங்கும். இதுல பாருங்க, முழங்காலுக்கு மேலயே நிக்குது. இது அவர்."

பெரியவன் புகைப்படத்தை வாங்கிப் பார்த்தான். அவள் சொன்னது சரிதான். பாசி முழங்காலுக்கு மேலே நின்றது.

"என் தம்பியை எனக்கே அடையாளம் தெரியலையே."

"தெரியக் கூடாதுன்னுதானே தச்சேன்" என்றாள் அவள்.

பிறகு, கேட்காமலே, மீதியையும் சொன்னாள். எல்லாம் முடிந்து அவள் வேலைக்குத் திரும்பிய அன்று அந்த உடைதான் மேசை மேல் கிடந்ததாம். புது ஆளுக்கு ஏற்றமாதிரி திருத்தித் தரவேண்டும். வேறு யாரிடமாவது கொடுத்துவிடலாம் என்று மற்றவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பாசி ஒவ்வொரு இழையும் அவள் கையால் சாயம் போட்டுக் கோத்தது. வேறொருத்தி பிரித்தால் கெட்டுவிடும் என்று இவளே உட்கார்ந்திருக்கிறாள். புது ஆளுக்குத் தோள் நேர், பஞ்சு வேண்டாம். பிரித்து எடுத்திருக்கிறாள்.

"அவர் வேர்வை நாத்தம் அதுல அப்படியே இருந்துச்சு. எடுத்துக் குப்பைக்கூடையில போட்டுட்டு அடுத்த தையலைப் பிரிச்சேன். சாயங்காலம் பெருக்குறவங்க கூடையைக் கொண்டு போறாங்க, நான் பாத்துக்கிட்டே இருக்கேன். நிறுத்துங்கன்னு சொல்லணும்னே தோணலை மாமா." கைப்பட்டையில் குத்தியிருந்த ஊசியைத் தள்ளித் தள்ளி நேராக்கினாள். "எனக்கு என்னவோ ஆயிடுச்சுன்னு அப்போதான் பயமா இருந்துச்சு."

பெரியவன் லிஃப்ட் கூண்டு தன்னைத் தூக்கிக்கொண்டு போனதைச் சொன்னான். அதை அவன் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. அவள் கேட்டுவிட்டுத் தலையசைத்தாள். பாவம் என்றோ, ஐயோ என்றோ சொல்லவில்லை. ஒரே காய்ச்சலில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுத்திருக்கிற இரண்டு பேர் மாதிரி அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

அவளும் படத்தைப் பார்த்திருக்கவில்லை. போகலாமா என்று யார் முதலில் கேட்டது என்பது பிறகு இருவருக்கும் நினைவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சிக்கு, எங்கோ ஒரு சின்ன தியேட்டரில் இன்னும் ஓடிக்கொண்டிருந்த படத்துக்கு, பெரியவனும் அவன் மனைவியும் தம்பி மனைவியும் போனார்கள். இரண்டு பெண்களுக்கும் நடுவில் பெரியவன் உட்கார்ந்தான். தியேட்டரில் பாதிக்குமேல் குழந்தைகள். ஏற்கெனவே பலமுறை பார்த்தவர்கள் போல, வசனங்களை முன்கூட்டியே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

பாசியரசன் தண்ணீருக்குள்ளிருந்து எழுந்து வந்தான். "அவர்" என்றாள் தம்பி மனைவி, மெல்ல. அடுத்த காட்சியில் படை திரட்டினான். "இவர் இல்லை." குகைக்குள் ஒரு சிறுமியிடம் விளக்கைக் கொடுத்தான். "கை மட்டும் அவர். தூரத்துல நிக்கிறது மத்தவர்." இப்படியே போயிற்று. ஒரே ராஜாவுக்குள் மாறி மாறி இரண்டு பேர் வந்து போனார்கள். பெரியவன் அவள் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டானே தவிர, அவனாக ஒன்றையும் பிரித்தறிய முடியவில்லை. ஒரு கட்டத்தில் அவன் முயற்சி செய்வதையே விட்டுவிட்டுச் சும்மா படம் பார்க்கத் தொடங்கினான். கதை அப்படியொன்றும் மோசமில்லை.

சண்டைக் காட்சி ஒன்றில் பாசியரசனைச் சேற்றில் தள்ளிவிட்டார்கள். முகம் குப்புற விழுந்து கிடந்தான். தியேட்டர் முழுக்கப் பிள்ளைகள் எழுந்திரு, எழுந்திரு என்று கத்தினார்கள். பாசியரசன் காலை மடக்கி, வலது கையை வலது முழங்காலில் ஊன்றினான். ஒரு மூச்சு நின்றான். பிறகு முதுகை முதலில் தூக்கி, தலையைக் கடைசியாக நிமிர்த்தி எழுந்தான்.

தோள் முறிந்த வருஷத்திலிருந்து சின்னவன் தரையிலிருந்து எழுகிற விதம் அது. பாயிலிருந்து எழும்போதும், பந்தி முடிந்து எழும்போதும், அண்ணனோடு சண்டை போட்டுக் கீழே விழுந்து எழும்போதும் அப்படித்தான். எந்தப் பஞ்சும் அதை மறைக்கவில்லை.

பெரியவன் "அவன்" என்றான். அவள் சொல்வதற்கு முன்பே சொன்னான். ஆமாம் என்று தம்பி மனைவி தலையசைத்தாள். அவன் மனைவி இருட்டில் அவன் பக்கம் திரும்பி, அழுகிறானா என்று பார்த்தாள். அழவில்லை. நாற்காலியின் முன்விளிம்புக்கு நகர்ந்து உட்கார்ந்து, வாயை லேசாகத் திறந்தபடி, பிள்ளைகளில் ஒருவனைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வெளியே வந்ததும் பசிக்கிறது என்றான். இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தெருமுனைக் கடையில் ரொட்டியும் ஆம்லெட்டும் வாங்கி நின்றுகொண்டே சாப்பிட்டான். மிளகுத்தூள் போதாது என்று கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டான். அவன் மனைவி தன் தட்டைத் தொடாமல் அவன் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அடுத்த சனிக்கிழமை அவன் ஓவியத்தை முடித்தான். நிழல்களைக் கரும்பழுப்பில் ஆழமாக்கினான். கண்களின் மேல் காய்ந்திருந்த ரப்பரை விரல் நுனியால் தேய்த்து உருட்டி எடுத்தான்; அடியில் பேப்பர் பத்திரமாக வெள்ளையாக இருந்தது. தேன் நிறத்தை மிக மெல்லியதாகக் கரைத்து ஒவ்வொரு கண்ணிலும் ஒரு சொட்டு விட்டு, அது விளிம்பைத் தொடும்வரை காத்திருந்தான். இடது தோள் இறங்கியபடியே இருந்தது. டீச்சர் வந்து பார்த்தாள். தோளைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தவள், இன்னொருமுறை பார்த்துவிட்டுச் சொல்லாமல் விட்டாள்.

அன்று மாலையே ஓவியத்தைத் தம்பி மனைவியிடம் கொண்டுபோனான். அவள் மேசை மேல் வைத்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

"பஞ்சை எடுத்துட்டீங்க" என்றாள்.

"உனக்குத்தாம்மா."

"வேண்டாம் மாமா. இந்த உடையை நான் போதும் போதும்கிற அளவுக்குப் பாத்துட்டேன்." சொன்னது கடுமையாகப் பட்டதோ என்னவோ, அவன் கையைத் தொட்டாள். "வரையறதா இருந்தா அவர் முகத்தை வரைங்க. அதைத்தான் எந்தப் படத்துலயும் யாரும் போடலை."

அவன் அட்டைப் பையைத் திறந்தான். ஓவியத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்தான். அடுத்த வகுப்பில் பல் டாக்டர், தன் தவளையைப் பேத்தி ஏறெடுத்தும் பார்க்கவில்லை என்று புலம்பியபோது, பெரியவன் அட்டைப் பையைத் திறந்து அப்படியே எடுத்துக் கொடுத்துவிட்டான். அந்தப் பிள்ளை தன் கட்டிலுக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறாளாம். டாக்டர் வந்து சொன்னார்.

"ராஜா ஏன் தாத்தா சாஞ்சு நிக்கிறாருன்னு கேட்டா. வேலை முடிஞ்சு இப்பத்தாம்மா வந்திருக்காருன்னு சொல்லிட்டேன். சரிதானே சார்?"

"சரிதான்" என்றான் பெரியவன்.

அன்று வகுப்பில் எல்லோருக்கும் பூச்சாடி. டீச்சர் நடுமேசையில் சாடியை வைத்துவிட்டு வரும்போது பெரியவன் அவளை நிறுத்தினான். முகம் வரைய வேண்டும், தோலுக்கு எந்த நிறத்தைக் கலக்க வேண்டும் என்று கேட்டான்.

"யார் முகம்ங்கிறதைப் பொறுத்தது சார். யாரை வரையப் போறீங்க?"

"என் தம்பியை."

அந்த மாடியில் அவன் அப்படி ஒரு வார்த்தை சொல்வது அதுவே முதல் முறை. டீச்சர் முகம் மலர்ந்தது. "ஆளே எதிர்ல உக்காந்தா நிறம் சரியா வரும். ஒருநாள் கூட்டிட்டு வர முடியுமா?"

"முடியாது" என்றான்.

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். பல் டாக்டர்கூடப் பேச்சை நிறுத்தியிருந்தார். பெரியவன் சட்டைப் பையிலிருந்து ஒரு புகைப்படத்தை எடுத்து மேசை மேல் வைத்தான். ஏதோ ஒரு கல்யாண வீட்டில் எடுத்தது, கூட்டத்துக்கு மேலே தலை தெரிய ஒருவன் யாரையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். டீச்சர் அதைக் குனிந்து பார்த்தாள். நாற்காலியை இழுத்து அவன் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். மஞ்சள் காவியில் துளி சிவப்பைத் தொட்டு, நிறைய தண்ணீர் விட்டுக் கலக்கி, ஓரத் தாளில் ஒரு கோடு இழுத்துக் காட்டினாள். இன்னும் கொஞ்சம் கறுப்பு என்றான் பெரியவன். அவள் நீலத்தில் ஒரு துளி சேர்த்தாள். வெயிலில் அலைந்த கறுப்பு என்றான். அவள் பழுப்பைச் சேர்த்தாள். அவன் இன்னும் இல்லை என்றான்.

அவள் பிரஷ்ஷை அவன் கையில் கொடுத்துவிட்டு, தட்டைக் கழுவிக்கொண்டு வந்து வைத்தாள். அவன் முதலிலிருந்து தானே கலக்கத் தொடங்கினான்.